பலகைக்காரியோட வலது பக்கம்

ஜனவரி 9

அக்கா, பெரிய நியூஸ், உக்காந்துட்டுப் படி, நம்ம 'புள்ளி வெச்ச பூனை' பேஜ்ல பத்தாயிரம் பேர் சேந்தாச்சு, அதுவும் நீ அந்த மிருக மீட்பு மையத்துல வேலைக்குச் சேந்த அதே வாரத்துல!

நம்ம பேஜ் இல்ல, என் பேஜ். கை பழக்கத்துல வந்துருச்சு, விடு.

நல்லா இருக்கியா? அங்க தண்ணி ஒத்துக்குதா? இங்க அம்மா, அப்பா, நான் எல்லாரும் சௌக்கியம். எனக்கு வயிறு மட்டும் எரியுது. மாத்திரை போட்டுச் சரியாகிற எரிச்சல் இல்ல, உனக்கே தெரியும்.

மனசுல வெச்சுக்க எனக்கு வராது, நேரா சொல்லிடறேன். அந்த வேலை இருக்குன்னு நெட்ல தேடிக் கண்டுபிடிச்சது நான். எனக்கு அப்ளை பண்ணிட்டு, பஸ்ல பேச்சுத்துணைக்கு ஆகும்னு உனக்கும் போட்டேன். இண்டர்வியூல புல்லுக்குள்ள பாதி மறைஞ்ச ஒரு முதுகோட படத்தைக் காட்டி இது என்ன மிருகம்னு கேட்டாங்க. நான் ஜாகுவார்னு சொல்லி, ஏன் சிறுத்தை இல்ல, ஏன் சீட்டா இல்லன்னு மூச்சு விடாம விளக்கிட்டு வந்தேன். நீ உள்ள போய், 'இந்தப் படத்தை மட்டும் வெச்சு சொல்ல முடியாது சார்'னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு வந்த. உனக்கு வேலை, எனக்கு வெயிட்டிங் லிஸ்ட். நீ அங்க தும்மினா கூட எனக்குச் சொல்லி அனுப்பு, அடுத்த ஆள் நான்தான்.

எதுக்கும் இதை உன் மேஜைல ஒட்டி வெச்சுக்கோ. சீட்டாவுக்கு மை தெறிச்ச மாதிரி தனித்தனிப் புள்ளி, கண்ணுல இருந்து வாய் வரைக்கும் கறுப்புக் கோடு, அழுது முடிச்ச மூஞ்சி. சிறுத்தைக்குப் புள்ளியெல்லாம் கூட்டம் போட்டு பூ மாதிரி நிக்கும், பூவுக்கு நடுவுல காலி. ஜாகுவாருக்குப் பூ பெருசு, பூவுக்குள்ளயே புள்ளி இருக்கும், தலை பெருசு, கால் குட்டை, பாத்தா குத்துச்சண்டைக்காரன் மாதிரி இருக்கும். சொல்லிக் கொடுத்ததுக்கு நன்றி வேணாம்.

எட்டு மாசம் முன்னாடி பொறந்த ஒரே காரணத்துக்காக உன்னை அக்கான்னு கூப்பிடற,
வாலு

ஜனவரி 21

அன்புள்ள வாலு,

இங்க சௌக்கியம். சித்தி சித்தப்பாவைக் கேட்டதாச் சொல்லு. சித்தியோட முட்டி வலி எப்படி இருக்கு?

பத்தாயிரத்துக்கு வாழ்த்து. நாங்க தங்கறதும் இங்க உள்ளயேதான், வாசல்லயே போனை வாங்கி வெச்சுக்கறாங்க, உள்ள டவரும் இல்ல. லெட்டர் எல்லாம் இறைச்சி கொண்டு வர்ற வேன்லதான் வருது, போகுது. இது நாறினா என்னைத் திட்டாத, வேன் ஓட்டறவரைத் திட்டு.

வேலை நீ நினைக்கற மாதிரி இல்லடி. சர்க்கஸ்ல, பெரிய வீட்டுத் தோட்டத்துல எல்லாம் பிடிச்ச மிருகங்களை இங்க கொண்டு வர்றாங்க. ஒவ்வொண்ணையும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு ரெண்டு பக்கமும் படம் எடுத்து, பேர் போட்டு வெக்கணும். மீதி நேரம் தொட்டி கழுவறேன். மூக்குல ஃபினாயில் தவிர வேற வாசனையே ஏற மாட்டேங்குது. ஆறு மாசம் பாத்துட்டுதான் நிரந்தரம் பண்ணுவாங்களாம்.

அந்தப் பேஜை நடத்தறது என் தங்கச்சிதான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். கூண்டு திறக்கறவர்ல இருந்து சமையல்காரம்மா வரைக்கும் எல்லாரும் லீவுல ஊருக்குப் போனா உன் பேஜைப் பாக்கறவங்கதான். இப்ப எனக்கு இங்க பேரே 'அந்தப் பொண்ணோட அக்கா'. பரவாயில்ல.

ஒண்ணு கேக்கணும். போன வாரம் ஒரு பண்ணைக்காரர்கிட்ட இருந்து ஒரு பெண் மிருகத்தைப் பிடிச்சுட்டு வந்தாங்க. அவர் கொடுத்த பேப்பர்ல சிறுத்தைன்னு இருக்கு. ஆனா பூவுக்குள்ள புள்ளி இருக்கற மாதிரி எனக்குத் தெரியுது. சில பூவுல இருக்கு, சிலதுல இல்ல. வால் கொஞ்சம் குட்டை. உன்னைத்தான் நினைச்சேன்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 29

அக்கா,

நலம். அம்மா முட்டி அப்படியேதான் இருக்கு, மாடிப்படியைப் பாத்தாலே என்னைத் திட்டுது.

ஜாகுவார். இதுல யோசிக்க என்ன இருக்கு? எல்லாப் பூவுலயும் புள்ளி இருக்கணும்னு இல்ல, தோள்லயும் விலாவுலயும் பாரு. உன் லெட்டரைப் படிச்சுட்டு போட்டோக் கடைல வேலையே ஓடல. ஒரு கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை தலையை வெட்டிட்டேன், முதலாளி கத்தறாரு. நான் இங்க பாஸ்போர்ட் சைஸ் மூஞ்சிக்கு வெளிச்சம் கூட்டிட்டு உக்காந்துருக்கேன், நீ அங்க ஜாகுவார்கூட ஒரே காத்தை மூச்சு விடற. அதுவும் ஃபினாயில் நாறுதுன்னு குறை வேற.

ஒரு விஷயம் சொல்றேன், கேளு. நாலு வருஷம் முன்னாடி மூடினாங்களே ஒரு தனியார் மிருகக்காட்சி சாலை, அங்க ஒரு பெண் ஜாகுவார் இருந்துச்சு. எப்பவும் ஒரு மரப்பலகை மேலயே படுத்துருக்கும், அதனால என் பேஜ் மக்கள் பலகைக்காரின்னு கூப்பிடுவாங்க. கூண்டுல மாட்டின போர்டுல 'சிறுத்தை'ன்னு தப்பா எழுதியிருந்துச்சு. அதை மாத்தச் சொல்லி நான் அவங்களுக்கு எத்தனை மெயில் போட்டேன் தெரியுமா? மூடினப்ப அது எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல.

உன் பண்ணைக்காரர் பேப்பர்லயும் அதே தப்பு. யோசி.

வாலு

பிப்ரவரி 12

அன்புள்ள வாலு,

சௌக்கியம்தானே? இங்க ரெண்டு நாள் மழை, எனக்கு லேசா சளி.

நீ சொன்னதை இங்க இருக்கற மிருக டாக்டர் சார்கிட்ட அப்படியே சொன்னேன். அவர் வந்து ரொம்ப நேரம் பாத்துட்டு ஜாகுவார்தான்னு எழுதிட்டார். பண்ணைக்காரர் அசரவே இல்ல. டைப் அடிச்சவன் தப்பா அடிச்சுட்டான், ஜாகுவார்தான், என் பண்ணைலயே பொறந்தது, உரிமம் இருக்குன்னு சொல்றாராம். கோர்ட்டுக்குப் போயிருச்சு. அவர் சொல்றது நிஜம்னா இவளை அவர்கிட்டயே திருப்பிக் கொடுக்கணும். இவ உன் பலகைக்காரின்னு நிரூபிச்சா பண்ணைல பொறந்ததுங்கறது பொய்யாயிடும், இவ இங்கயே இருக்கலாம், பின்னாடி மரம் வெச்ச பெரிய இடம் தயாராகிட்டு இருக்கு. பிடிச்சப்ப அவர் வெச்சிருந்த கூண்டை இங்க வாசல்ல போட்டுருக்காங்க. நம்ம வீட்டுக் குளிக்கற ரூம் இருக்கே, அதைவிடச் சின்னது.

பூ ஒவ்வொரு மிருகத்துக்கும் வேற வேறதானே. பழைய படம் ஒண்ணு கிடைச்சா ஒத்துப் பாத்துடலாம். உன் பேஜ்ல யார்கிட்டயாவது இருக்குமா? ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதற பொறுப்பை சார் எனக்கே கொடுத்துருக்கார்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 22

அக்கா,

சளிக்குச் சுடுதண்ணி குடி. இங்க பெரியம்மா நேத்து வந்துச்சு. நீ யூனிஃபார்ம் போட்ட படத்தைக் கைப்பைல வெச்சுட்டு தெருவெல்லாம் காட்டிட்டு வருது. என் கையிலயே கொடுத்து, இதைப் பெருசாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுடின்னு கேட்டுச்சு. போட்டுக் கொடுத்தேன். மூஞ்சிக்கு வெளிச்சம் கூட்டல.

ரிப்போர்ட் நீ எழுதறியா. நல்லா இரு.

படம் கிடைச்சுருச்சு. ஒரு பையன் அஞ்சு வருஷம் முன்னாடி சிநேகிதனோட போய் எடுத்தது. என் பேஜ்ல இருக்கற பலகைக்காரி படம் எல்லாம் நேரா மூஞ்சி, இல்ல முதுகு. விலா முழுசாத் தெரியற படம் இது ஒண்ணுதான். எங்க மூஞ்சி வெளிய வரக்கூடாதுன்னு கேட்டாங்க, அதனால அவங்க ரெண்டு பேரையும் வெட்டிட்டு மிருகத்தை மட்டும் பெருசாக்கி, நம்ம கடையோட நல்ல தாள்ல பிரிண்ட் போட்டுருக்கேன். பலகை மேல படுத்துருக்கா, தலை இடது பக்கம். பூ ஒவ்வொண்ணும் எண்ணலாம்.

படம் யார் தேடினதுன்னு ரிப்போர்ட்ல ஒரு மூலைலயாவது போடுவாங்களா? சும்மா கேட்டேன்.

வாலு

மார்ச் 5

அன்புள்ள வாலு,

நலம். படம் பத்திரமா வந்துச்சு, நீ எவ்வளவு மெனக்கெட்டுருக்கன்னு பாத்ததும் தெரிஞ்சுது.

ஆனா ஒத்துப் போகலடி. தலை இடது பக்கம் இருந்தா நமக்குத் தெரியறது அவளோட இடது விலாதானே. நான் எடுத்த இடது பக்கப் படத்தைப் பக்கத்துல வெச்சு மத்தியானம் முழுக்க உக்காந்து பாத்தேன். தோள்ல இருந்து ஆரம்பிச்சு ஒரு பூ கூடச் சேரல. சார் பாத்தார், அவரும் இல்லன்னுட்டார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, தெரியும், அதனாலதான் இடதை இடதோட மட்டும் வெச்சேன்.

அப்ப இது பலகைக்காரி இல்ல. மாசக் கடைசில ரிப்போர்ட் கொடுக்கணும். கொடுத்தா அவளை ஓட்டிட்டுப் போயிடுவாங்க. இல்லாததை இருக்குன்னு எழுத முடியாது. மனசு கேக்கல. நான் எதையாவது தப்பாப் பாக்கறேனா? என்னைவிட உன் கண்ணு பழகினது. ஒரு தடவ பாத்துச் சொல்லேன்.

அக்கா

மார்ச் 11
(எழுதிக் கடை டிராயர்லயே போட்டது)

அடியே,

பாத்துட்டேன். கடை சிஸ்டம்ல வெட்டாத படத்தைத் திறந்தேன். முன்னாடி நிக்கற பையனோட சட்டைல இருக்கற எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது, கண்ணாடில பாக்கற மாதிரி. செல்ஃபிடி. முன்பக்கக் கேமரா சில போன்ல இடதை வலதாத் திருப்பிடும். தினமும் எவனாவது கடைக்கு வந்து, என் வகிடு ஏன் இந்தப் பக்கம் இருக்குன்னு சண்டை போடறான், எனக்குத் தெரியாதா? நீ இடதுன்னு நினைச்சுப் பாக்கறது அவளோட வலது. பையன்களை நான் வெட்டிட்டேன், உனக்கு எப்படித் தெரியும்? உன் மேல தப்பே இல்ல.

ஆனா ரிப்போர்ட்ல உன் பேர்தான் இருக்கும். தப்பான ரிப்போர்ட். பின்னாடி யாராவது கண்டுபிடிச்சா ஆறு மாசம் முடியறதுக்குள்ள உன்னை அனுப்பிடுவாங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்து யாரு?

இதை எழுதறப்ப எனக்கு வயிறு எரியல. ஜில்லுன்னு இருக்கு. அதுதான் பயமா இருக்கு.

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க அனைவரும் நலம். அங்க நலமா? சளி போயிடுச்சா? அம்மா முட்டிக்குப் புதுத் தைலம் தேய்க்கறாங்க, பரவாயில்லையாம். கடைல வேலை ஜாஸ்தி. வெயில் ஆரம்பிச்சாச்சு.

படத்தைப் பாத்தேன். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.

வாலு

மார்ச் 19

வாலு,

உடம்பு சரியில்லையா? ரெண்டு பக்கத்துக்குக் குறையாம எழுதறவ நாலு வரி போட்டுருக்க. 'அன்புள்ள அக்காவுக்கு'ன்னு இந்த ஜென்மத்துல நீ எழுதினதில்ல. நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா? ரிப்போர்ட்ல உன் பேர் போடறதைப் பத்திச் சார்கிட்டக் கேட்டேன், பேஜ் பேரைப் போடலாம்னார். அதைச் சொல்ல விட்டுட்டேன், அதுக்காகக் கோபமா இருந்தா சரி.

பண்ணைக்காரர் நேத்து வந்தார். நல்லாத்தான் பேசினார், மூணு மகளாம், கடைக்குட்டிக்குப் பூனைன்னா உயிராம். போறப்ப கூண்டுக்குப் பக்கத்துல நின்னு விசில் அடிச்சார். அவ எந்திரிச்சு ஓடிப் போய் மூலைல முகத்தைத் திருப்பிட்டு உக்காந்தா. மாலை வரைக்கும் தண்ணி கூடக் குடிக்கல. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் தரைலயே உக்காந்துருந்தேன். என்ன செய்யறதுன்னு தெரியல.

விசிலுக்குப் பயந்தான்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதாம். பூ மட்டும்தான் சாட்சி. முப்பதாம் தேதி கொடுத்துடுவேன். முடிஞ்சா அதுக்குள்ள ஒரு வரி எழுது.

அக்கா

மார்ச் 25

அக்கா,

நலம் விசாரிக்க இப்ப எனக்கு வாய் வரல. ரிப்போர்ட்டைக் கொடுக்காத.

இதோட வெட்டாத படம் இருக்கு. பையன் சட்டையைப் பாரு, எழுத்து திரும்பியிருக்கும். இது செல்ஃபி, போன் திருப்பிப் போட்டுருக்கு. படத்தைச் சிஸ்டம்ல திருப்பிட்டு, அவளோட வலது பக்கப் படத்தோட வெச்சுப் பாரு. பையன்களை வெட்டினது நான், அதனாலதான் உனக்குத் தெரியல. படம் கொடுத்த பையனை இன்னிக்குக் கடைக்கே கூப்பிட்டுக் கேட்டேன், கோர்ட்டுக்குன்னா மூஞ்சி தெரிஞ்சாலும் பரவாயில்லன்னு சொல்லிட்டான்.

இறைச்சி வேனுக்குக் காத்துருந்தா லேட் ஆயிடும்னு நானே பஸ் பிடிச்சு வந்துட்டேன், உங்க வாசல் காவல்காரர் மேஜைலயே இதை எழுதி அவர் கையில கொடுத்துட்டுப் போறேன். உன்னைக் கூப்பிடட்டுமான்னு கேட்டார். வேணாம்னுட்டேன். உள்ள எங்கயோ ஏதோ ஒண்ணு இருமற மாதிரி உறுமுச்சு, சிறுத்தையா ஜாகுவாரான்னு தெரியல, காதைத் தீட்டிக் கேக்கவும் இல்ல.

எப்ப பாத்தன்னு நீ கேப்ப. உன் மார்ச் அஞ்சாம் தேதி லெட்டர் கைக்கு வந்ததும் பாத்துட்டேன். பன்னெண்டாம் தேதி உனக்கு எழுதினப்ப தெரியும். தெரிஞ்சேதான் வெயிலைப் பத்தி எழுதினேன்.

விசில் விஷயத்தைப் படிச்ச அப்புறம்தான் கை எழுதுச்சு. அதுவும் உனக்காக இல்ல, அவளுக்காகத்தான். பொய் சொல்ல வரல.

வாலு

ஏப்ரல் 2

வாலுக்கு,

இங்க நலம்.

படத்தைத் திருப்பி வலது பக்கத்தோட வெச்சேன். தோள்ல மூணு பூ ஒண்ணா ஒட்டிக் கிடக்கு, நடு விலாவுல ஒரு உடைஞ்ச பூ, அதுக்குள்ள ரெண்டு புள்ளி. எல்லாம் சேருது. அவதான். அவ பலகைக்காரிதான்.

சார் சந்தோஷப்பட்டார், உடனே அவர் மூஞ்சி வாடிருச்சு. சேரலன்னு நான் முதல்ல எழுதி வெச்ச குறிப்பையும் கோர்ட்ல கொடுத்தாகணுமாம். முதல்ல சேரலன்னாங்க, அப்புறம் படத்தையே திருப்பிட்டுச் சேருதுங்கறாங்கன்னு பண்ணைக்காரரோட வக்கீல் ஒரு பிடி பிடிச்சுடுவாராம். இந்த ஒரு படம் போதாது. வேற ஆள் வேற போன்ல எடுத்த படம் வேணும், ரெண்டு பக்கமும். மே பத்தாம் தேதி வரைக்கும் சார் டைம் வாங்கியிருக்கார்.

யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டார். உன் பேஜ் பேரைச் சொன்னேன். நல்ல கண்ணு, எப்ப கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டார். தொட்டி கழுவ நேரமாச்சுன்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன். அவரும் அப்புறம் கேக்கல.

எனக்கும் கேக்கறதுக்கு இருக்கு, இப்ப வேணாம். சின்ன வயசுல இருந்து எல்லாரும் உன்னைக் கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னு சொல்றப்ப பக்கத்துல நின்னு சிரிச்சவ நான். எரிச்சல் உனக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சுட்டு இருந்தியா? ஆனா நான் இப்படிச் செஞ்சுருக்க மாட்டேன். அதை மட்டும் சொல்லிக்கறேன்.

உன் பேஜ்ல கேளு. உன்னால முடியும். சித்திக்கு அடுத்த வாரம் தனியா எழுதறேன்.

அக்கா

ஏப்ரல் 6

'புள்ளி வெச்ச பூனை' மக்களுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னிக்கு 'இது சிறுத்தையா ஜாகுவாரா' விளையாட்டு இல்ல. இது லெட்டர். கடைசி வரைக்கும் படிங்க.

மூடிப்போன மிருகக்காட்சி சாலைல இருந்த பலகைக்காரி உயிரோட இருக்கா. ஒரு மீட்பு மையத்துல இருக்கா. அவ அவதான்னு படத்தால நிரூபிக்கலன்னா, கையை நீட்டினா ரெண்டு பக்கமும் கம்பில இடிக்கற ஒரு கூண்டுக்குத் திரும்பிப் போயிடுவா. நம்மகிட்ட இருக்கறது ஒரே படம். அதையும் நான் அவசரத்துல வெட்டி அனுப்பிக் குழப்பிட்டேன். குழப்பினது தெரிஞ்ச அப்புறமும் வாயைத் திறக்காம இருந்தேன். ஏன்னு கமெண்ட்ல கேக்காதீங்க, கேக்க வேண்டியவங்க கேப்பாங்க.

அங்க போயிருக்கீங்களா? ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்களா, லவ்வரோட போனீங்களா, யார்கூடப் போனீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பழைய போனைச் சார்ஜ் போடுங்க. அண்ணன் போன், மாமா கேமரா, மேல் அலமாரில இருக்கற ஆல்பம் எல்லாத்தையும் இறக்குங்க. பலகை மேல படுத்துருக்கற அவ விலா எந்தப் பக்கம் தெரிஞ்சாலும் சரி. வெட்டாதீங்க, வெளிச்சம் கூட்டாதீங்க, செல்ஃபியா இருந்தா திருப்பாதீங்க. எந்த போன்ல, எந்த வருஷம் எடுத்ததுன்னு மட்டும் எழுதுங்க.

இன்னொண்ணு. எனக்கு அனுப்பாதீங்க. கீழ மையத்தோட முகவரி இருக்கு, அங்க டவர் இல்ல, பிரிண்ட் போட்டுத் தபால்ல நேரா அங்க அனுப்புங்க. படங்களை ஒப்பிடறது எங்க அக்கா. முதல்ல நான் பாக்கணும்னு கை பரபரன்னுதான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு காப்பி கூட வேணாம்.

மே பத்துக்குள்ள போய்ச் சேரணும். உங்ககிட்ட படம் இல்லன்னாலும் ஷேர் பண்ணுங்க, இருக்கறவங்க கண்ணுல படட்டும். இன்னிக்கே பண்ணுங்க.